குச்சி தீர்ந்தால் தெரியும் எழுத்து

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

மூன்றாம் வகுப்போடு நின்றுபோன படிப்பை வைத்துக்கொண்டு கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் கட்டினேன். ஆபீஸ் என்றதும் மேஜையும் சுழல்நாற்காலியும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தீப்பெட்டி செய்கிற கொட்டகைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். ஒருமுறை அது முழுசாக எரிந்து சாம்பலாயிற்று. அடுத்த தீபாவளிக்குள் மறுபடி கட்டினேன். நாகலாபுரம் பக்கத்துக் கரிசலில், உள்ளங்கையில் தேங்காய் வைத்துப் பார்த்த மூன்று நீரோட்டக்காரர்களும் தண்ணீரே கிடையாது என்று கைவிரித்த இடத்தில் கிணறு வெட்டினேன், தண்ணீர் வந்தது. உப்புத்தான். ஆனால் வந்தது. கரிசலில் மாடி வீடு நிற்காது, கோடையில் மண் பிளக்கும், மழையில் ஊதும் என்று ஒரு எஞ்சினியர் எனக்குப் பாடம் நடத்தினார். அவருடைய சொந்த வீட்டுச் சுவரின் விரிசலில் இப்போது கையை விடலாம். என் வீட்டு விரிசலில் விரல் மட்டும்தான் போகும். பிள்ளையார் கோயிலுக்கு மண்டபம் கட்டினேன். ரேஷன் கடைக்கு இடம் கொடுத்தேன். பெண்கள் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினேன். அந்தச் சுவரில்தான் தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சிக்காரனும் என்னைக் கேட்காமல் எழுதுகிறான்.

இவையெல்லாம் ஊருக்குத் தெரியும். கல்லும் சிமெண்டும் இல்லாமல் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. சண்டை பிரித்துப்போட்ட ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து வைத்ததில் எனக்கு ஒரு பங்கு இருக்கிறது. எவ்வளவு பங்கு என்று படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். ரொம்பக் குறைத்துச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். இலங்கையிலிருந்து படகில் வந்து இறங்கிய சனங்களைக் கடலோரத்து மண்டபம் முகாமில் வைத்து எண்ணி, நோட்டில் பதிந்து, லாரியில் ஏற்றி ஜில்லா ஜில்லாவாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பங்குக்கு வந்தவர்களை ஊருக்கு வெளியே ஒரு பழைய பருத்தி குடோனில் இறக்கினார்கள். நாலு பக்கமும் சாக்கு தொங்கவிட்டால் ஒரு குடும்பத்துக்கு வீடு. வாசலில் ஒரு நோட்டு. வெளியே போனால் ஒரு கையெழுத்து, உள்ளே வந்தால் ஒரு கையெழுத்து. எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் பழைய சேலைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கொடுத்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. கொடுத்ததைச் சொல்லி முடிக்க அரை வருடம் ஆயிற்று.

நான் சேலை கொடுக்கவில்லை. வேலை கொடுத்தேன். பெட்டி ஒட்டுகிற வேலை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தீப்பெட்டியில் இழுத்துத் திறக்கிற உள்பெட்டி இருக்கிறதே, அதற்கு அடிப்பெட்டி என்று பெயர். வெட்டிய அட்டையும் பசையும் வீடுகளுக்குப் போகும். ஒட்டிக் காயவைத்த பெட்டிகள் கோணியில் திரும்பி வரும். பசையில் மயில்துத்தம் என்கிற நீல விஷ உப்பைக் கலப்போம். பூச்சி அரிக்காமல் இருக்க என்று சொல்வோம். பசித்த பிள்ளைகள் மைதாவை வழித்துத் தின்றுவிடக் கூடாது என்பதும் அதில் சேர்த்திதான். அதை யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன்.

முகாமிலிருந்து வந்த கோணிகளில் ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தது. மூலை பிதுங்காது, பசை வழியாது, அடுக்கி வைத்தால் செங்கல் மாதிரி நிற்கும். என் கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன். கணக்குப்பிள்ளை பத்தாம் வகுப்பு பாஸ் செய்தவர். அந்த விஷயத்தை வாரம் ஒருமுறையாவது என் காதில் விழும்படி யாரிடமாவது சொல்லிவிடுவார்.

"யாருவே இது ஒட்டுனது?"

"ஒரு சின்னப்பிள்ளை அண்ணாச்சி. பதினோரு வயசு இருக்கும். தம்பி ஒருத்தன் மடிச்சுக் குடுக்கான், அவனுக்கு ஆறு."

"பெரியவுக யாரும் இல்லையா?"

"இருந்தாவ. இப்ப இல்ல."

பிள்ளைகள் பெட்டி ஒட்டலாமா என்று இப்போது நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். அப்போதும் கேட்டார்கள். ஜீப்பில் பேனர் கட்டிக்கொண்டு வந்து ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்கள். பேசி முடித்துவிட்டு என் பெட்டியை வாங்கித்தான் சிகரெட் பற்றவைத்தார்கள். ஒட்டக் கூடாதுதான். அவள் ஒட்டினாள், நான் வாங்கினேன். நான் வாங்காமல் இருந்திருந்தால் அவள் பள்ளிக்கூடம் போயிருப்பாள் என்று சொல்ல மாட்டேன். அவள் காலையில் பள்ளிக்கூடமும் போய்க்கொண்டுதான் இருந்தாள். சாயங்காலம் ஒட்டினாள். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

ஒருநாள் நானே போய்ப் பார்த்தேன். ஒல்லியான பிள்ளை. விரலெல்லாம் நீலம். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கவில்லை. கையில் இருந்த பெட்டியை முடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. அவளிடமும் பக்கத்துச் சாக்குத் திரைக்காரர்களிடமும் விசாரித்துத் தெரிந்துகொண்டது இது.

கடற்கரையில் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம். தகப்பன் அதற்கு முன்பே ஒருநாள் மண்ணெண்ணெய் வாங்கப் போய்த் திரும்பவில்லை. படகில் இடமில்லை, பிள்ளைகளை மட்டும் ஏற்றலாம் என்று படகுக்காரன் சொல்லியிருக்கிறான். தாய் இரண்டையும் தூக்கி உள்ளே போட்டாள். படகில் பக்கத்து வீட்டுப் புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். "உங்கட பிள்ளைகள் எண்டு சொல்லுங்கோ, அடுத்த வள்ளத்தில நான் வாறன்" என்று அந்தத் தாய் கத்தியிருக்கிறாள். அவர்களும் நல்ல மனசோடு அப்படியே சொன்னார்கள். மண்டபத்தில் நோட்டுப் போட்டவர் அப்படியே எழுதினார். தகப்பன் பெயர் என்ற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரன் பெயர்.

அந்த ஒரு எழுத்தாணிக் கீறலில் இரண்டு பிள்ளைகளும் சர்க்கார் நோட்டிலிருந்து காணாமல் போனார்கள். தாய் பின்னால் வந்து தன் புருஷன் பெயரைச் சொல்லித் தேடினால் அந்தப் பெயரில் பிள்ளைகளே கிடையாது. பொய் சொன்னவர்கள் அன்பினால் சொன்னார்கள், எழுதியவர் விதிப்படி எழுதினார். யாரைத் திட்டுவது?

ஆறு மாதம் கழித்து அந்தப் புருஷன் பெண்சாதிக்கு வெளிநாட்டிலிருந்து வழி பிறந்தது. போய்விட்டார்கள். ஒரு சோற்றுப்பானையையும் குடும்ப கார்டையும் அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இப்போது கார்டில் தலைவர் இல்லை.

முகாமைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆர்.ஐ., அதாவது ரெவின்யூ இன்ஸ்பெக்டர், இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. எதைக் கேட்டாலும் கையை மட்டும் விரிப்பார், வாயைத் திறக்க மாட்டார். பெரிய அதிகாரியாக வருவதற்கு வேண்டிய குணம் எல்லாம் இருந்தது. ஆவணியில் அவர் சொல்லிவிட்டார்: தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை முகாமில் வைக்க முடியாது, பெண்ணுக்கு ஒரு ஊரில் விடுதி, பையனுக்கு வேறு ஊரில் விடுதி, பரீட்சை முடியட்டும், சித்திரையில் ஜீப் வரும்.

நான் போய்க் கேட்டேன்.

"ரெண்டையும் ஒரே எடத்துல போட்டா என்ன சார்?"

"ஆம்பளப்பிள்ளை விடுதி வேற, பொம்பளப்பிள்ளை விடுதி வேற அண்ணாச்சி. ரூல்ஸ்."

"அவனுக்கு ஆறு வயசுய்யா. ராத்திரி அக்கா கையப் பிடிச்சிக்கிட்டுத்தான் தூங்குதான்."

"அதுக்கு ரூல்ஸ்ல எடம் இல்லியே."

அந்தப் பெண் என்னிடம் அழவில்லை. "சித்திரைக்கு இன்னும் எத்தினை நாள் ஐயா?" என்று மட்டும் கேட்டாள். நான் விரல்விட்டு எண்ணிச் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அதை யோசனை என்று சொன்னால் போதாது. ஊரே மெச்சியது.

என் தீப்பெட்டி எங்கெல்லாம் போகிறது! பத்திரிகை போகாத ஊருக்கும் போகிறது. லேபிளில் கிளி படம் போட்டிருந்தேன். கிளியால் யாருக்கு என்ன பிரயோசனம்? இந்த இரண்டு பிள்ளைகளின் படத்தைப் போட்டால், தாய் எந்த முகாமில் இருந்தாலும் ஒருநாள் அடுப்புப் பற்றவைக்கும்போது பார்த்துவிடுவாள். பஜாரிலிருந்து போட்டோக்காரனைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்தேன். பையன் சிரிக்க மாட்டேன் என்றான். மிட்டாய் கொடுத்தும் சிரிக்கவில்லை. பரவாயில்லை, முகம் தெரிந்தால் போதும் என்று சிவகாசியில் அச்சாபீஸுக்கு அனுப்பினேன்.

அங்கே லேபிள் வரைகிற ஆர்ட்டிஸ்ட் ஒருவர். கை சும்மா இருக்காத மனுஷர். சாமிப் படமும் காலண்டர்ப் படமும் வரைந்து பழகிய கை. ஒடுங்கிய கன்னத்தையும் நீல விரலையும் லேபிளில் போட்டால் யார் வாங்குவார்கள் என்று என் மேல் இரக்கப்பட்டு, அவராகவே சரி செய்துவிட்டார். லேபிள் வந்து பார்த்தால் பெண் பிள்ளைக்கு நெற்றிச்சுட்டி, கழுத்தில் இரட்டைவடச் சங்கிலி, இரண்டு கன்னமும் தக்காளி. பையன் சிரிக்கிறான், கன்னத்தில் குழி விழ. கையில் ஒரு ரோஜாப்பூ வேறு. பின்னால் மலையும் அருவியும்.

"எப்படி அண்ணாச்சி?" என்று போனில் கேட்டார் அந்த ஆர்ட்டிஸ்ட்.

"நல்லா இருக்கு. யாரு வீட்டுப் பிள்ளைகவே இது?" என்றேன்.

மறுபடி அச்சடிக்க நேரமில்லை, பழைய லேபிளும் தீர்ந்துபோயிருந்தது. அதையே ஒட்டி அனுப்பினேன். மனசுக்குள் ஒரு ஆசை. பெற்றவளுக்கு எப்படியும் தெரிந்துவிடும் என்று. தாய்க்குத் தெரிந்ததோ இல்லையோ, கடைக்காரர்களுக்குப் பிடித்துப்போயிற்று. கிளி பத்து வருடத்தில் ஓடாத ஓட்டத்தை அந்த ரோஜாப்பூ இரண்டே மாதத்தில் ஓடியது. ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "அண்ணாச்சி, அகதிப் பிள்ளைகள வச்சு நல்லா யாவாரம் பண்ணுதீரு" என்றார்கள். பாராட்டுகிற மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டுதான் சொன்னார்கள். அந்தக் குத்து எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கார்த்திகை மழை தொடங்கிய சமயம், கேரளத்திலிருந்து ஒரு மொத்த வியாபாரி பார்சல் அனுப்பினார். உள்ளே பத்துப் பதினைந்து காலிப் பெட்டிகளும் ஒரு கடுதாசியும். பெட்டிக்குள் தமிழில் ஏதோ மந்திரம் எழுதியிருக்கிறது, இது செய்வினையோ என்று சனங்கள் பயப்படுகிறார்கள், ஒரு வீட்டில் பெட்டியை உப்பு மிளகாயோடு சுற்றி எரித்தே விட்டார்கள், இனி இந்தச் சரக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

கணக்குப்பிள்ளை ஒரு பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். அடிப்பெட்டியின் தரையில், பென்சிலால், எறும்பு ஊர்ந்த மாதிரி:

"அம்மா, நானும் தம்பியும் கோவில்பட்டி முகாமில் சுகம். பக்கத்து வீட்டு மாமாவின் பெயரில் பதிந்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் தேடுங்கோ. சித்திரைக்கு முன் வாங்கோ."

குச்சி நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. குச்சிகள் தீர்ந்து, கடைசி ஒன்றையும் எடுத்த பிறகுதான் தெரியும். என் ஆபீஸில் நிரப்புகிறவர்கள் யாரும் பார்க்கவில்லை. அவர்கள் கை போகிற வேகத்தில் பெட்டிக்குள் தேளே இருந்தாலும் தெரியாது.

எனக்கு வந்த கோபத்தில் குடையைக்கூட எடுக்காமல் முகாமுக்குப் போனேன்.

"ஏட்டி! என் பெட்டியில கிறுக்க உனக்கு யாரு சொன்னது?"

அவள் ஒட்டிக்கொண்டிருந்த பெட்டியை முடித்து வைத்தாள். "கிறுக்கேல்லை ஐயா. எழுதினனான்."

"எதுக்கு? அதான் லேபிள்ல படம் போட்டிருக்கேன்லா! ஊரெல்லாம் ஒங்க மூஞ்சிதான்!"

"அதில எங்கட முகம் எங்க ஐயா இருக்கு?"

அந்த ஆறு வயதுப் பயல் லேபிளை எடுத்து வைத்துக்கொண்டு, "இது ஆர் அக்கா?" என்று கேட்டான். அவனே கேட்டான்!

அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அம்மாக்கு என்ர எழுத்துத் தெரியும் ஐயா. அவாதான் கை பிடிச்சு எழுதப் பழக்கினவா."

பேச ஒன்றும் இல்லாதபோது முதலாளிகள் செய்வதைத்தான் நானும் செய்தேன். இன்னும் சத்தமாகக் கத்தினேன். அவள் கண்ணெதிரே, பெட்டி ஏற்ற வந்திருந்த வண்டிக்காரனிடம் சொன்னேன்: "இவ ஒட்டுனது அத்தனையையும் தனியா எடுத்துக் கொண்டுபோயி கொளுத்துங்கலே!" அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று திரும்பிக்கொண்டேன்.

ஆபீஸ் முற்றத்தில் அவள் பெட்டிகளைக் கொட்டிவிட்டார்கள். இடுப்பளவு உயரம். கணக்குப்பிள்ளை மண்ணெண்ணெய் டின்னோடு நின்றார்.

"ஊத்திரட்டுமா அண்ணாச்சி?"

நான் ஒரு பெட்டியை எடுத்துப் பார்த்தேன். இன்னொன்றை எடுத்தேன். எல்லாவற்றிலும் அதே வரிகள். ஒன்றில்கூட எழுத்து அவசரப்படவில்லை. மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு எழுதுவது என்றால் என்ன பாடு என்று தெரியும். கையெழுத்துப் போடுவதற்குள் எனக்கு வியர்த்துவிடும். அவள் ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தாள், பசை காய்கிற நேரத்தில்.

"வடக்க போற லோடுக்குப் பெட்டி பத்துமாவே?" என்றேன்.

"எங்க அண்ணாச்சி பத்தும்? மழையில ஒண்ணும் காயலியே. பாதி லோடுக்குத்தான் இருக்கு."

"அப்ப இதையும் நெறைச்சு ஏத்தும்."

"எழுத்தோடயா?"

"குச்சி போட்டா தெரியாதுல்லா? ஏத்தும்வே."

உண்மையைச் சொல்கிறேன். லோடுக்குப் பெட்டி பற்றவில்லை என்பது நிஜம். அது மட்டும்தான் காரணமா என்று கேட்டால், இல்லை. அது இல்லாமல் ஏற்றியிருப்பேனா என்று கேட்டால், தெரியாது. இந்த இரண்டு பதிலையும் சேர்த்துத்தான் என்னை எடைபோட வேண்டும்.

முன்பு அவள் ஒட்டிய பெட்டிகளெல்லாம் கேரளத்துக்கும் பம்பாய்க்கும் போனவை. அங்கே தமிழ் படிப்பவன் எத்தனை பேர்? அவள் எழுத்தோடு நம் வட ஜில்லாக்களுக்குப் போனது இந்த லோடு ஒன்றுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாசியில் மஃப்டி போலீஸ்காரர் இருவர் ஆபீஸுக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் இலங்கைத் தமிழ் காதில் விழுந்தாலே லத்தி தேடுவார்கள். அவர்கள் கையில் என் பெட்டி.

"இது என்ன கோட் வேர்ட்?"

"கோடெல்லாம் தெரியாது சார். ஒரு பிள்ளை அம்மாவுக்கு எழுதியிருக்கு."

"தம்பின்னு போட்டிருக்கே. எந்தத் தம்பி?"

"ஆறு வயசுத் தம்பி சார். மூக்கு ஒழுகும்."

"சித்திரைக்கு முன் வாங்கோன்னா என்ன அர்த்தம்? சித்திரையில என்ன நடக்கப்போவுது?"

"ஜீப் வரப்போவுது சார். சர்க்கார் ஜீப்."

என்னை நம்பவில்லை. முகாமுக்குப் போய் அந்தத் தம்பியை நேரில் பார்த்தார்கள். அவன் அப்போது ஓணான் பிடித்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு கொஞ்சம் நம்பினார்கள். ஆனால் போகிற போக்கில் ஆர்.ஐ.யை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனார்கள். ஆர்.ஐ. பயந்துபோய், முகாமுக்குப் பெட்டி வேலையே கொடுக்கக் கூடாது என்று நிறுத்தினார். ஜீப்பையும் சித்திரையிலிருந்து பங்குனிக் கடைசிக்கு இழுத்தார். அவள் எழுதியதில் கைக்கு எட்டிய பலன் அதுவரை இவ்வளவுதான்: பிரிகிற நாள் கிட்டே வந்தது.

ஜீப் வர நான்கு நாள் இருந்தபோது, உச்சி வெயிலில், ஆபீஸ் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். செருப்பில்லை. கையில் ஒரு காலித் தீப்பெட்டி. முதலில் வந்தது என் ஆபீஸ் வாசலுக்கு, முகாமுக்கு இல்லை. தன்னுடைய முகாமில் கேட்காமல் கிளம்பி வந்தவள். இந்த முகாமின் வாசல் நோட்டுக்குப் பயந்து, லேபிளில் போட்டிருந்த விலாசத்துக்கு வந்தாள்.

"ஐயா, இதில எழுதின பிள்ளை உயிரோட இருக்கோ?" என்று கேட்டாள்.

"ரெண்டும் இருக்கு. உக்காருங்க" என்றேன். அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் கொடுத்து விசாரித்தோம். பிள்ளைகளுக்குப் பின்னால் இருபது நாள் கழித்து வந்து இறங்கியிருக்கிறாள். மண்டபத்தில் புருஷன் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். நோட்டைப் புரட்டிவிட்டு, அப்படி யாரும் வரவில்லை, எத்தனையோ படகு கவிழ்கிறது அம்மா என்று சொல்லி வடக்கே ஒரு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த முகாம் வாசல் டீக்கடைக்காரர், கடைசிக் குச்சியைக் கிழித்த பிறகு பெட்டியைத் தூக்கிப் போடப் போனவர், உள்ளே பார்த்திருக்கிறார். அவர் முகாமுக்குள் கொண்டுபோய் ஒவ்வொரு திரையாகக் காட்ட, இவள் கைக்கு வந்திருக்கிறது.

எனக்கு ஆசை விடவில்லை. பெட்டியைத் திருப்பி மேல் லேபிளைக் காட்டினேன். "இதும் ஒங்க பிள்ளைக படந்தாம்மா. நாந்தான் போட்டேன்."

அவள் பார்த்தாள். "இதுவோ ஐயா? இந்தப் பெட்டி எங்கட முகாம் முழுக்கக் கிடந்தது. ரெண்டு மாசமா இதிலதான் அடுப்பு மூட்டினனான். ஆரோ பணக்காரப் பிள்ளைகள் எண்டு நினைச்சன்."

கணக்குப்பிள்ளை இருமுகிற மாதிரி சிரித்தார். பத்தாம் வகுப்புச் சிரிப்பு.

அவளை ஆர்.ஐ.யிடம் கூட்டிப் போனேன். அவர் நோட்டைத் திறந்தார். "இந்தப் பிள்ளைக அப்பா பேரு இது. நீங்க சொல்லுத பேரு வேற. எப்படிம்மா நம்புறது?" பிள்ளைகளை வரவழைத்தார். பெண் வாசலில் வந்து நின்று, அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டாள். பையனோ தாயைப் பார்த்து மிரண்டு, ஓடிவந்து என் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். ஒன்றரை வருடம், அவள் பாதியாக இளைத்திருந்தாள், அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"பாத்தீங்களா அண்ணாச்சி! பிள்ளைக்கே தெரியல" என்றார் ஆர்.ஐ., வழக்கு முடிந்த மாதிரி.

"அவனுக்குத் தெரியாது சார். இவன் அக்கா எழுத்துக்குத் தெரியும்" என்றேன். "ஆளுக்கொரு தாள் குடுங்க. ஒரே வரிய ரெண்டு பேரும் எழுதட்டும், ஒருத்தர் எழுதுறத ஒருத்தர் பாக்காம."

கொடுத்தார். தாயை அறைக்குள்ளேயே உட்கார வைத்தார்கள், மகளை வராந்தாவில். அந்தப் பெட்டி வரிகளையே எழுதச் சொன்னோம். இரண்டு தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஆர்.ஐ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார். சாய்வு, இடைவெளி, கொம்பு வளைகிற வளைவு, எல்லாம் ஒரே அச்சு. ஒன்று கொஞ்சம் பெரிய அச்சு, அவ்வளவுதான்.

ஆர்.ஐ. கையை விரிக்காமல் பேனாவை எடுத்ததை அன்றுதான் பார்த்தேன். மேலிடத்துக்கு எழுதினார். ஜீப் வந்தது, வெறுமனே திரும்பிப் போனது. பையன் இரண்டு நாள் தாயின் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள், மிச்சம் கிடந்த அட்டையில் அவள் பெட்டி மடிக்கிற விதம் தப்பு என்று சொல்லி அவள் மடியில் உட்கார்ந்து மடித்துக் காட்டினானாம். பிறகு மூவரும் வடக்கே போனார்கள். போகும்போது மகள் என்னிடம் போயிட்டு வாறன் என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

இவ்வளவு காலம் கழித்து இதை ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் தபாலில் ஒரு சின்னப் புத்தகம் வந்தது. முகாம்களில் தாய் தகப்பனைப் பிரிந்து கிடந்த பிள்ளைகள், இப்போது பெரியவர்களாகி, தங்கள் கதையை எழுதித் தொகுத்திருக்கிறார்கள். அவளும் எழுதியிருக்கிறாள். இப்போது முகாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாளாம். பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நன்றாக எழுதியிருக்கிறாள், அதைக் குறை சொல்ல முடியாது. டீக்கடைக்காரருக்கு நன்றி. பக்கத்துத் திரையில் கஞ்சி கொடுத்தவர்களுக்கு நன்றி. எதுவும் செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்திருந்த ஆர்.ஐ.க்குக்கூட, "கண்டிப்பானவர், ஆனால் கடைசியில் உதவினார்" என்று நன்றி. என்னைப் பற்றி ஒரே வரி: "நான் எழுதிய பெட்டிகளை எரிக்கச் சொன்னார் முதலாளி."

சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. அவள் கண்ணெதிரே சொன்னேன், அவள் கேட்டாள், எழுதினாள். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. ஆனால் அவள் பார்த்தது முகாமில் நடந்தது மட்டும். ஆபீஸ் முற்றத்தில் நடந்ததை அவள் பார்க்கவில்லை. அவள் நினைப்பில் அந்தக் குவியல் அன்றே சாம்பலாகிவிட்டது. தாய் கையில் கிடைத்தது அதற்கு முன்னால் போன ஏதோ ஒரு பெட்டி என்றுதான் அவள் எண்ணம். அப்படியில்லை. முன்னால் போனதெல்லாம் தமிழ் தெரியாத ஊர்களுக்குப் போய், செய்வினை என்று பெயர் வாங்கியது. டீக்கடைக்காரர் கையில் இருந்தது அந்தக் குவியலில் ஒன்று. அவள் எழுதிய வேறு எந்தப் பெட்டியும் அந்த ஜில்லாவுக்குப் போகவில்லை. கணக்குப்பிள்ளை இன்னும் உயிரோடு இருக்கிறார், அவரையே கேட்கலாம். என்னைப் பற்றி நல்லதாக ஒன்றைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் பொய் சொல்ல மாட்டார்.

எழுதியவள் அவள். படித்துச் சொன்னவர் டீக்கடைக்காரர். தேடி வந்தவள் தாய். இந்த மூன்று பேருக்கும் முன்னால் என்னைப் போடச் சொல்லவில்லை. லேபிள் யோசனையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம்; எழுதாமல் இருந்தால் சந்தோஷம். எரிக்கச் சொன்னேன் என்ற வரியையும் எடுக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்.

ஆனால் அந்தப் புத்தகத்தை மறுபடி அச்சடிக்கும்போது, அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: எரிக்கச் சொன்ன அதே ஆள் எரிக்கவில்லை, குச்சி நிரப்பி வடக்கே அனுப்பினார் என்று. பெரிய எழுத்தில் வேண்டாம். ஆர்.ஐ.க்குப் போட்டிருக்கிற அதே அளவில் போட்டால் போதும். அதைவிடச் சின்னதாகப் போட்டால் சம்மதிக்க மாட்டேன்.